கை நனைக்காத மாப்பிள்ளை

முதலில் அவமானப்படுத்தியது மாப்பிள்ளை அமர்நாத்தான். சென்னியப்பன் யாரிடம் பேசினாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

மாப்பிள்ளைக்குக் கொரியாவில் ஏழு வருஷமாக வேலை. கல்யாணம் முடிந்து கொழிஞ்சாம்பாறையில் மாமனார் சென்னியப்பன் வீட்டில் முதல் விருந்து. பந்தி நிறைய சொந்தக்காரர்கள். இலை நிறைய நாட்டுக்கோழி.

"மாப்ளே, சாப்பிடுங்க."

"நீங்க சாப்பிடுங்க மாமா."

மூன்று தடவை சொல்லியும் அவர் இலையில் கை வைக்கவில்லை. மாப்பிள்ளை கை நனைக்காமல் மாமனார் எப்படிச் சாப்பிடுவது? சென்னியப்பன் விருட்டென்று எழுந்து போய்விட்டார்.

"நம்மூட்டுச் சோறு வேண்டாமாம், பொண்ணு மட்டும் வேணுமாம்!"

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம்.

பேத்தி பிறந்ததும் மனைவி முத்தாத்தாள் நச்சரித்து அவரைக் கொரியாவுக்கு இழுத்து வந்தாள்.

"தரையைச் சுட வெக்கறாங்க. ஊறுகாய்க்குன்னு தனி ஃபிரிட்ஜு. என்ன ஊடு கண்ணு இது?" என்று மகள் கிருஷ்ணப்ரியாவிடம் பேசினார். மாப்பிள்ளையிடம் வாயே திறக்கவில்லை. அவர் வேலையிலிருந்து வருமுன் சாப்பிட்டு முடித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டுக் கொரியாக்காரர் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். கிண்ணங்களில் சூப் ஆவி பறந்தது. யாரும் தொடவில்லை. அவருடைய சின்ன மகள் எச்சில் விழுங்கியபடி சென்னியப்பனையே பார்த்தாள்.

"ஏன் கண்ணு, எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க?"

"இங்க வயசுல பெரியவங்க ஸ்பூனை எடுத்தாத்தான் மத்தவங்க எடுப்பாங்க. நீங்கதானுங்கப்பா பெரியவரு."

"பசிக்குது, சட்டுனு எடுங்க" என்றாள் முத்தாத்தாள்.

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை மடியில் கை வைத்து, தலை தாழ்த்தி உட்கார்ந்திருந்தார்.

"அப்ப, அன்னைக்கு விருந்துல…"

"இதேதானுங்கப்பா. இங்க வந்த மறுநாளே எனக்கு விளங்கிருச்சு."

"போன்ல ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"அவருதான் வேண்டாம்னாரு. 'மாமா அத்தனை பேரு முன்னால எந்திரிச்சுப் போனாரு. காரணம் தெரிஞ்சா கூசிப் போயிருவாரு. தப்பு என்னுதாவே இருக்கட்டும்'னாரு."

சென்னியப்பன் ஸ்பூனை எடுத்தார். எல்லோரும் எடுத்தார்கள்.

நாலு வாய் போனபின் தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே."

அமர்நாத் நிமிர்ந்தார். இரண்டு வருஷத்தில் முதல் அழைப்பு.

"சொல்லுங்க மாமா."

"மரியாதையெல்லாம் சரீங்க. ஆனா ரெண்டு வருஷம் என்னைக் கோவத்துலயே உட்டு வெச்சீங்க பாருங்க, அதுக்கு ஒரு மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்குதுங்க."