விடிய விடிய ஒரு விசிறி

“லாரி பேட்டரியிலேயே பெரிசா ஒண்ணு எடுங்க தம்பி. கேம்பர் வேனுக்கு!” என்று பெரியவர் கவுண்டரைத் தட்டினார்.

பின்னாலேயே படியேறி வந்த அவர் மனைவி, “நீங்க சும்மா இருங்க. எது வேணும்னு அவர் சொல்லட்டும்” என்றாள்.

பேட்டரிக் கடைக்காரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்கு எந்தப் பேட்டரி என்று சொல்லிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்த வேன். வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட புருஷன் பெண்டாட்டி. பிள்ளைகளைக் கரையேற்றியாகிவிட்டது, இனி ஊர் சுற்றப் போகிறார்கள். இதிலென்ன யோசிக்க இருக்கிறது?

“லாரி பேட்டரி வேண்டாம் சார். அது எஞ்சினைக் கிளப்ப ஒரே மூச்சில உதைக்கும், அதோட சரி. விடிய விடிய விசிறி ஓட்டினா கொஞ்ச நாள்ல பல்லைக் காட்டிடும். உங்களுக்கு டீப் சைக்கிள்தான்.”

“சைக்கிள் பேட்டரியா? ஆயுசு பூரா லாரி ஓட்டினவன் தம்பி நான்!”

“அந்தச் சைக்கிள் இல்லை சார். சார்ஜ் அடிவரைக்கும் இறங்கும், மறுபடி ஏறும். திரும்ப இறங்கும், ஏறும். அந்தச் சுத்துக்குத்தான் சைக்கிள்னு பேரு.”

“மாடிப்படியில உன்னை மாதிரி” என்றார் பெரியவர், மனைவியைப் பார்த்து.

“நான் முனகாம ஏறுவேன். நீங்கதான் பாதிப் படியில நின்னுடுவீங்க, லாரி பேட்டரி மாதிரி.” கடைக்காரன் பக்கம் திரும்பினாள். “இது சத்தம் போடுமா தம்பி?”

“பேட்டரிக்கு ஏதும்மா சத்தம்?”

“அப்ப சரி. உள்ளே ஆள் இருக்கிறதே யாருக்கும் தெரியக் கூடாது.”

ஆளில்லாத இடங்களில் திருட்டு பயம் இருக்கத்தானே செய்யும் என்று அவன் நினைத்துக்கொண்டான். கரி படிந்த துணியால் கவுண்டரைத் துடைத்து, இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தான். ஒன்று தண்ணீர் ஊற்றுகிற ரகம், தூக்கும்போதே இடுப்பைப் பிடித்தது. இன்னொன்று லித்தியம்.

“இதுல எதைப் படுக்கைக்கு அடியில வைக்கலாம்?”

“தண்ணி ஊத்துறதை வைக்கக் கூடாதும்மா. சார்ஜ் ஏறும்போது வாயு விடும். மூடின இடத்துல அது பக்கத்துல படுக்கிறது ஆபத்து.”

“வாயு விட ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். லித்தியமே எடுங்க.”

பெரியவர் அதைக் காதில் வாங்காதவர்போல லித்தியம் பேட்டரியைத் தூக்கிப் பார்த்தார். “என்னய்யா, இவ்வளவு லேசா இருக்கு? உள்ளே ஏதாவது வெச்சிருக்காங்களா?”

அவள் சிரிக்கவில்லை. பேட்டரியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“ராத்திரி பாதியில இது நின்னுடாதே?”

“ஒரு விசிறி, ஒரு விளக்குதானே? விடிஞ்ச பிறகும் மிச்சம் இருக்கும்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வேனைப் பழைய இரும்புக்குப் போடணும்னு எங்க பெரியவன் ஒத்தைக் கால்ல நிக்கிறான். முதல் ராத்திரியே விசிறி நின்னு, நாங்க வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தோம்னு வைங்க, ‘அப்பவே சொன்னேன்ல’ன்னு மறுநாளே தூக்கிப் போட்டுடுவான். அப்புறம் எங்க கதை பழைய கதைதான்.”

“திரும்பி வர மாட்டீங்கம்மா. அதுக்கு நான் பொறுப்பு.” அவன் மீட்டரை வைத்து முள்ளைக் காட்டினான். “எஞ்சின்லேர்ந்து ஒரு ஒயரும் இழுத்துக் கொடுத்துடறேன். வண்டி ஓடும்போதே சார்ஜ் ஏறிக்கும்.”

பெரியவர் இருமினார்.

“ஒயர் வேண்டாம்” என்றாள் அவள். “கூரையில சோலார் தகடு போட்டாச்சு. வெயில் போதும். நாங்க ஒரே இடத்துல இருக்கிறவங்க.”

“எந்த மாதிரி இடம்மா? கடற்கரையா, மலையா?”

“மரத்தடி.”

“நிழல் விழுந்தா தகடு படுத்துக்குமே!”

“கிளையை வெட்டிடுவேன்.”

“போற இடத்துல எல்லாம் மரத்தை வெட்ட விடுவாங்களா?”

“என்னை எவன் கேக்கறது?”

கடைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். கூடவே கொஞ்சம் வயிறும் எரிந்தது. கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய் வரலாம் என்று அவன் மனைவி கேட்கும்போதெல்லாம் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றே காலத்தை ஓட்டிவிட்டான். இவர்களோ இந்த வயதில் மரத்தடி பார்த்துப் படுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

“வேனைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துங்கம்மா. நானே மாட்டிக் கொடுக்கறேன். இன்னைக்கே புறப்பட்டுடலாம்.”

“வேன் வராது. நீங்கதான் வீட்டுக்கு வரணும். அதுல எஞ்சினே கிடையாது.”

ஸ்பானரை எடுக்கப் போன அவன் கை அப்படியே நின்றது. “எஞ்சின் இல்லாம எப்படிப் போவீங்க?”

“நடந்துதான்” என்றாள் அவள். “எங்க வீட்டுக் கொல்லையிலதானே நிக்குது. மூணு பிள்ளைங்களும் குடும்பத்தோட ஆளுக்கொரு ரூமைப் பிடிச்சுக்கிட்டாங்க. இவர் ஹால்லயும் நான் அடுப்படியிலயும் படுத்தது நேத்தோட சரி!”