ஆள் வந்தாள், விரல் வரவில்லை

"இந்த மாசம் முழுக்க நீங்க ஆபீசுக்கே வரலை!"

மேலாளர் இதைச் சொன்னது, மாதம் முழுக்கத் தம் கண்ணெதிரே வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த வரவேற்பாளரிடம்.

"சார், நேத்துகூட எங்கிட்டதானே டாக்சி கூப்பிடச் சொன்னீங்க?"

"அதெல்லாம் வேற. வருகைப் பதிவு மெஷின் நீங்க வரலைன்னு சொல்லுது. மெஷின் பொய் சொல்லுமா?"

மெஷின் பொய் சொல்லவில்லை. அது விரல்ரேகையைக் கேட்டது. அவள் விரலில்தான் ரேகை மிச்சமில்லை.

அந்த அலுவலகத்துக்குச் சுத்தத்தை அறிமுகம் செய்த பெருமை முழுக்க மேலாளரையே சேரும். 'ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு துளி' என்று சுவருக்குச் சுவர் எழுதி ஒட்டியவர் அவர். ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'துளி சார்' என்றார்கள். கதவைத் தொட்டால் சானிடைசர், தபால் வாங்கினால் சானிடைசர், பேனாவைத் திருப்பிக் கொடுத்தாலும் சானிடைசர். ஒழுக்கத்தைப் பிறருக்கு வாரி வழங்குவதில் அவரைப் போன்ற வள்ளல் கிடையாது.

மற்றவர்கள் அவர் பார்க்கும்போது மட்டும் சுத்தமாக இருந்துகொண்டார்கள். வாசல் மேஜைக்காரிக்கு அந்த வசதி இல்லை. அவருடைய அறைக் கண்ணாடி நாள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் தோல் காய்ந்தது. பிறகு உரிந்தது. கடைசியில் விரலெல்லாம் வெடித்தது. தலை பின்னிவிடக் கூப்பிட்டால் மகள் நழுவினாள். "உன் விரல்ல முடி மாட்டுதும்மா, வலிக்குது!"

அந்தத் திரவத்தை நிறுத்திவிட்டுக் கையைச் சோப்பால் கழுவிக் களிம்பு தடவச் சொன்னார் தோல் மருத்துவர். "களிம்பா? மெஷின்ல பிசுக்கு ஒட்டிக்கும்!" என்று துளி சார் அதற்குத் தடை போட்டார். மெஷினுக்குப் பதில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அதற்கும் தடை.

இப்போது அவர் மேஜையில் வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. எதிரே முதலாளியம்மா, பேனாவைத் திறந்துகொண்டு.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"சானிடைசர் போட்டுப் போட்டே கை இப்படி ஆயிடுச்சு மேடம். மெஷினுக்கு என்னை அடையாளம் தெரியலை. இந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுது." இரண்டு கைகளையும் நீட்டினாள்.

துளி சார் சிரித்தார். "நல்ல கதை மேடம். இந்த ஆபீஸ்ல எல்லாரையும்விட அதிகமா சானிடைசர் போடறவன் நான். என் கையைப் பாருங்க!"

பார்த்தார்கள். கைக்குழந்தையின் கன்னம் தோற்றுவிடும்.

அதோடு விட்டாரா? அறைவாசலில் இருந்த மெஷினில் விரலை வைத்தும் காட்டினார். 'நன்றி' என்றது மெஷின், உடனே, வெகு மரியாதையாக.

"பார்த்தீங்களா மேடம்? வேலை செய்ய மனசில்லாதவங்களுக்குத்தான் இந்த எரிச்சல், வெடிப்பு எல்லாம்." மேஜைமீது நின்ற பெரிய பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார். "இது நான் தினமும் போடற பாட்டில். போடுங்க. எரியுதா இல்லையான்னு மேடம் முன்னாடியே தெரிஞ்சுடட்டும்."

எரியத்தான் போகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டிலின் தலையை அமுக்கினாள்.

அமுங்கவில்லை.

மறுபடியும் அமுக்கினாள். துளி வரவில்லை. பாட்டில் தலையில் படிந்திருந்த தூசிதான் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அது... சில நேரம் அப்படித்தான்... இங்க கொடுங்க" என்று துளி சார் கையை நீட்டுவதற்குள், முதலாளியம்மா பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கழுத்தில், கடையில் வாங்கியபோது இருந்த சீல் கிழியாமல் அப்படியே இருந்தது.

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

"பரவாயில்லையே சார்! சீலைக்கூடப் பிரிக்காம தினமும் கையைச் சுத்தம் பண்றீங்க. அந்த வித்தையை இந்தம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தா, பாவம், இவங்க கை தப்பிச்சிருக்குமே!"