அவள் வளைத்த கொக்கி

அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்யும் பட்டறையில் தகடு வெட்டும்போது தில்லைநாயகியின் ஆள்காட்டி விரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோனது. விரல் இனி மடங்குமா என்பதே அவள் கவலை. மறுநாள் கைக்கு மட்டும் வலி மரத்து, அசைவு போகாதபடி ஊசி போட்டு டாக்டர் விரலைத் திறந்தார். பல்குத்தும் குச்சி கனமே இருந்த இரண்டு எஃகுக் கொக்கிகளால் நர்ஸ் தோலை விலக்கிப் பிடித்திருந்தாள்.

“பார்க்காதீங்கம்மா, பயமா இருக்கும்,” என்றாள் நர்ஸ்.

தில்லைநாயகி பார்த்தாள். கொக்கி நுனிகள் சதையில் ஒரு கீறலும் போடாமல் நின்றன. பட்டறையில் அந்த வளைவு கைவந்தவள் அவள் ஒருத்திதான்.

“சிஸ்டர், இது நான் செஞ்சது.”

டாக்டர் தசைநாணில் கடைசித் தையலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அப்படியா? எங்கே, விரலை மடக்குங்க.”

கொக்கிகளுக்கு நடுவே தசைநாண் மெல்ல இழுபட, விரல் மடங்கியது. நர்ஸ் கொக்கிகளை எடுக்கப்போனாள்.

“கொஞ்சம் இருங்க சிஸ்டர்,” என்றாள் தில்லைநாயகி. “இன்னொரு தடவை பார்த்துக்கிறேன்.”