மூன்று வால்

"மாப்ள, போதும். மிஷின்தான் மூச்சு உட்டுக்கினு கெடக்குது, நம்ம பொண்ணு போயிட்டா. ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிடலாம்" என்றார் பெரியப்பா.

நான் போகவில்லை. அதைச் சொல்லத்தான் வழியில்லை.

இமையைத் திறக்க முடியாது. விரலை அசைக்க முடியாது. காது மட்டும் முழுசாக வேலை செய்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் ஆள் கூப்பிடுவதுகூடக் கேட்டது.

எங்கள் ஊர் சிங்கவரத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம். லீவில் வந்த நான், பிடுங்கிப்போட்ட செடிக் குவியலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன். கட்டுவிரியன் கடித்தது. கடித்ததே தெரியவில்லை. இமை தானாகச் சரிந்தபோதுதான் தெரிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், புதுச்சேரியில் நான் செய்யும் ஆராய்ச்சியே செல்களின் சவ்வைப் பற்றித்தான். இரண்டு சவ்வுகள் எப்போது ஒன்றோடொன்று கலக்கும், அவற்றிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளின் வடிவம் அதை எப்படி மாற்றும் என்று பார்ப்பதுதான் என் வேலை. இந்த விஷம் கைவைப்பதும் சரியாக அங்கேதான்.

கல்யாணமான புதிதில் இதை என் கணவர் இனியனுக்கு ஆசை ஆசையாக விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் அவர். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதே மனுஷன் இப்போது கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பாவுக்குப் பாடம் எடுத்தார்.

"மாமா, டாக்டர் பொறுங்கன்னுதான சொல்றாரு. மூளைக்கு ஒண்ணும் ஆவல. நரம்பு முனையில குட்டிக் குட்டிப் பையி இருக்குது. அது சவ்வோட கலந்து உள்ள இருக்கிறதைக் கொட்டினாதான் சதை அசையும். வெசம் அந்தச் சவ்வுல இருக்கிற கொழுப்பை வெட்டி வுட்டுடுச்சி. பையி மொத்தமும் ஒரேடியா கலந்து காலியாயிடுச்சி. புதுசா உண்டாவணும். உண்டாவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்புதான் துள்ளவில்லை. தூங்கிக்கொண்டே இவ்வளவு கேட்டிருக்கிறாரே என்று அவர் மேல் அப்படி ஒரு ஆசை பொங்கியது.

ஆனால் தப்பும் தவறுமாகத்தான் கேட்டிருந்தார். முந்தாநாள் என் காதருகே வந்து, கொழுப்பும் புரதமும் ஒன்றுதானே என்றார். நேற்று, கொழுப்பு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் ஆகாது, வாலுக்குத்தான் தண்ணீர் பிடிக்கும் என்று தலைகீழாகச் சொன்னார். பல்லைக் கடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

பெரியப்பா சமாதானமாகவில்லை. "கண்ணுமணி அசையல மாப்ள. வேன் கீழ நிக்குது. எத்தினி நாளு அவளை இப்படிப் போட்டு வெச்சிருப்ப?"

சொல்லும்போதே அழுதுவிட்டார். நைனா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். என் மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் ஒன்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

இனியன் என் கட்டைவிரலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பெரியவர் அழுதால் இவரும் இளகிவிடுவார். இளகினால் என் கதை முடிந்தது.

இனியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மைதானத்தில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"கொழுப்புக்கு மூணு வாலு மாமா. சவ்வுல இருக்கிற கொழுப்பு ஒவ்வொண்ணுக்கும் மூணு. அதுல ஒண்ணைத்தான் வெசம் வெட்டுது. ரஞ்சனிதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா."

மூன்றா?

நானா சொல்லிக்கொடுத்தேன்?

இரண்டு வால் இருப்பதால்தான் அது வரிசையில் நின்று சவ்வாகிறது. இரண்டில் ஒன்றை வெட்டுவதால்தான் அதன் வடிவம் கெட்டு, சவ்வு கண்டபடி வளைகிறது. மூன்று வால் இருந்தால் அது கடலை எண்ணெய்! வடை சுடலாம், நரம்பு செய்ய முடியாது. செத்தாலும் பரவாயில்லை, இப்படி ஒரு பொய்யை என் பேரில் எழுதவிட்டுச் சாக மாட்டேன்.

இரண்டு, இரண்டு என்று உடம்பு முழுக்கக் கத்தினேன்.

எங்கோ ஒரு நரம்பு முனையில் புதிதாக உண்டான பைகள் சவ்வோடு கலந்திருக்க வேண்டும். என் கட்டைவிரல் அவர் உள்ளங்கையை உந்தியது.

"மாமா!" என்று அவர் போட்ட கூச்சலில் ஐசியூ அதிர்ந்தது. கோப்பை வென்ற பையன்கள்கூட அப்படிக் கத்த மாட்டார்கள்.

நர்ஸ் ரிஹானா ஓடி வந்தாள். "இன்னா சார் இது, கிரவுண்டா?"

"சிஸ்டர், இந்த வெரலைப் பாருங்க. ரஞ்சனி, சொல்லு. எத்தினி வாலு?"

உந்தினேன். ஒரு முறை. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை.

ரிஹானா டாக்டரைக் கூப்பிட ஓடினாள். பெரியப்பா என் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் என்னைக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அழுதுகொண்டே ஜன்னல் பக்கம் போய், வேனைக் கிளப்பிக்கொண்டு போகச் சொல்லி டிரைவரை அதட்டினார்.

ஜெயித்துவிட்டேன். உடம்பில் அசைவது ஒரே ஒரு விரல், அதை வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டேன்.

இனியன் தலைமாட்டுக்கு வந்தார். அவர் கன்னத்து ஈரம் என் நெற்றியில் பட்டது. காதுக்குள் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டுன்னு எனக்குத் தெரியாதாடி? வந்த நாள்லேர்ந்து தெனம் ஒண்ணு தப்பா சொல்லிப் பாக்குறேன். இன்னிக்குத்தான் உனக்குக் கோவம் வந்துச்சி."