எட்டரை மணி டிங்

"சரிக்கட்ட ஏலாதுன்னு சொல்லிருங்க தம்பி."

லோஜன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்த வீட்டு மருமகள் றுக்ஸானா சொன்ன முதல் வார்த்தை இது. அதுவும் காதோடு காதாக.

லோஜனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் கடை போட்டு ஆறு வருடமாகிறது. சீக்கிரம் சரிசெய்யச் சொல்லிக் கெஞ்சியவர்கள் ஆயிரம் பேர். சரிசெய்யாதே என்று கெஞ்சிய முதல் ஆள் இவள்தான்.

"கடைத் தம்பியா? வாங்க மகன், வாங்க!"

மாமியார் கைறுன்னிஸா உள்ளேயிருந்து வந்துவிட்டார். றுக்ஸானா ஒன்றும் தெரியாதவள்போல் நகர்ந்துகொண்டாள்.

மேசைமேல் ஒரு பழைய லெப்டொப். தூசு படாமல் இருக்க அதற்குப் பூப்போட்ட துணி வேறு.

"என்ட மகன் ஹுஸ்னி கட்டாருக்குப் போக முந்தி செஞ்சு வெச்சது தம்பி. அங்க ஆறு மணிக்கு டியூட்டி. போன உள்ளுக்குக் கொண்டு போக ஏலாது. அதனால சீட்டுல உக்காந்த ஒடனே அங்க உள்ள கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுத் தட்டுவான். நமக்கு எட்டரைக்கு இதுல 'டிங்'னு அடிக்கும். புள்ள சொகமா போய்ச் சேந்துட்டான்னு அர்த்தம். ஒம்பது நாளா சத்தமே இல்ல."

"போன்ல பேசுறதே இல்லையா?"

"வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்னைக்குப் பேசுவான். மத்த நாளைக்கெல்லாம் இந்த டிங் மட்டுந்தான்."

"ரெண்டு வருஷமா இந்தப் பொட்டியக் கட்டி அழுறோம்," என்றாள் றுக்ஸானா. "போதும் மாமி. தூக்கிப் போட்டுருவோம்."

லோஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளுக்குக் கிடைக்கிற ஒரு டிங்கைக்கூடவா பொறுக்காது ஒரு மருமகளுக்கு? இதைச் சரிசெய்யாமல் போவதில்லை என்று வீம்போடு உட்கார்ந்தான்.

வைரஸ் பிடித்ததென்று யாரோ விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். அதில், தூரத்திலிருந்து வரும் தட்டலை வாங்கிக்கொள்ள ஹுஸ்னி போட்டிருந்த வெப் சர்வீஸ் டூல்கிட் அடியோடு போய்விட்டது. அவன் எழுதின சின்ன புரோகிராம் மட்டும் ஒரு ஃபோல்டரில் தப்பிக் கிடந்தது. லெப்டொப்புக்கு அடியில் அவன் கையெழுத்தில் ஒரு தாள்.

'டூல்கிட்டை இறக்கி, விரித்து, சி டிரைவில் வை. பிறகு பாத் கொடு. கொடுக்காவிட்டால் டூல்கிட் எங்கே கிடக்கிறதென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனக்கு மூன்று நாள் இதிலேயே போனது. மறக்காதே மடையா!'

படித்துச் சிரித்த லோஜனும் அவசரத்தில் அதையேதான் மறந்தான். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கம்ப்யூட்டர் முறைத்தது. பாத் கொடுத்தான். சர்வரை ஓடவிட்டான். தடங்கலில்லாமல் ஓடியது.

"சரி உம்மா, டூல்கிட் ஏறிருச்சு. இனி அந்தப் பக்கம் தட்டினா இங்க அடிக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ்! இருங்க மகன், பிளேன்டி ஊத்திட்டு வாறேன்."

கைறுன்னிஸா தேநீர் ஊற்றக் குசினிக்குப் போனதும், புரோகிராமோடு அதே ஃபோல்டரில் கிடந்த பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தான். இதுவரை தட்டியது யார், எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் வரிசையாக இருந்தது.

கட்டாரிலிருந்து வந்த கடைசித் தட்டல், எட்டு மாதத்துக்கு முந்தியது.

அதற்குப் பிறகு வந்த அத்தனை எட்டரை மணித் தட்டலும் இந்த வீட்டு வைஃபையிலிருந்துதான் வந்திருந்தன. மாமியார் கையில் இருப்பதோ பட்டன் போன்.

லோஜன் நிமிர்ந்தான். றுக்ஸானா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவர வேற எடத்துக்கு மாத்திட்டாங்க தம்பி. அங்க கம்ப்யூட்டர் இல்லயாம். 'உம்மாக்கு நீயே பதமா சொல்லிரு'ன்னு என்ட தலையில போட்டுட்டார். எட்டரை மணிக்கு மாமி இதுக்கு முன்னால வந்து நிக்கிறதப் பாத்தா எப்பிடிச் சொல்றது? நானே போன்ல தட்டினேன். ஒரு நாள், ரெண்டு நாள்னு எட்டு மாசம். நீங்க ஏலாதுன்னு சொன்னா இந்தப் பொய் இதோட முடிஞ்சிரும்னு பாத்தேன்."

பூப்போட்ட துணியை எடுத்து மடித்தாள்.

"ஆனா ஒண்ணு தம்பி. தட்டுறது நான்தான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும், 'டிங்'னு கேட்டதும் அவர் வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கு. இந்த ஒம்பது நாளும் எனக்கும் ஒண்ணும் ஓடல."

லோஜன் பதிவுகளை மூடினான்.

கைறுன்னிஸா பிளேன்டியோடு வந்தார். சுவர் மணிக்கூட்டில் எட்டரை. றுக்ஸானாவின் கை முந்தானைக்குள் போனது.

'டிங்.'

"வந்துட்டான்! றுக்ஸானா, ஒங்கட மாப்புள்ள வந்துட்டான்!" கைறுன்னிஸா கைதட்டாத குறைதான். றுக்ஸானா வாய்விட்டுச் சிரித்தாள். இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா என்று லோஜன் ஆச்சரியப்பட்டான்.

அவனை வழியனுப்ப கைறுன்னிஸா கேட் வரைக்கும் வந்தார்.

"திரும்ப ஒடஞ்சா ஒடனே வரணும் மகன். இந்தச் சத்தம் நிக்கவே கூடாது."

"கட்டாயம் வாறேன் உம்மா. மகன் மேல அவ்வளவு பாசம் ஒங்களுக்கு."

கைறுன்னிஸா ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமையும் டிங் அடிச்சிச்சு தம்பி. அன்னைக்கு அவனுக்கு லீவுங்கறது அவசரத்துல அவளுக்கு மறந்து போச்சு போல."

லோஜன் அப்படியே நின்றுவிட்டான்.

"அப்ப... தெரிஞ்சுமா என்னக் கூப்பிட்டீங்க?"

"மாப்புள்ள வந்துட்டான்னு நான் சத்தம் போடுற அந்த நேரம் மட்டுந்தான் தம்பி, அந்தப் புள்ள சிரிக்குது."