அக்காவின் மூச்சு

"ஏன்டி இன்னைக்கும் என் வாயில ஒட்டின டேப்பைப் பிச்ச?" என்று அக்கா கேட்டாள்.

"நீ மூச்சு விடற மாதிரியே தெரியலக்கா."

"வாயைப் பொளந்து தூங்கினா ரயில் ஓடுதுங்கற. மூடினா போய்ச் சேந்துட்டேங்கற."

அக்காவின் குறட்டைக்கு மூக்கடைப்புதான் காரணம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உப்பு நீரில் மூக்கைக் கழுவி, ஒருக்களித்துப் படுத்தால் போதும் என்றார். உதட்டில் காகித டேப் ஒட்டுவது அக்காவே சேர்த்துக்கொண்டது.

மதியம் மறுபடி ஒட்டிக்கொண்டு தூங்கினாள். சன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும், அவள் டேப் ஒட்டித் தூங்கும்போதெல்லாம் நடப்பதுபோல், திரைச்சீலை மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. வாய் திறந்து தூங்கும்போது அக்காவின் மூச்சு இடையில் லேசாகத் திக்கும். திரைச்சீலையும் அப்படியே திக்கியது.

அவள் மூக்கின் கீழே விரலை வைத்தேன். காற்று வரவில்லை. டேப்பை மெதுவாக உரித்தேன். வழக்கமாக அந்தக் கணமே திரைச்சீலை நின்றுவிடும், அவள் வாய் திறந்துகொள்ளும். இன்று உதடுகள் மூடியே இருந்தன. கன்னத்தில் இன்னும் சூடு இருந்தது. திரைச்சீலை மட்டும் நிதானமாக உப்பிக்கொண்டிருந்தது.

எழுந்து அதன் அருகில் போனேன். முகத்தில் ஈரமான வெதுவெதுப்பு பட்டது.

"அக்கா," என்று திரைச்சீலையிடம் சொன்னேன், "வந்து கட்டில்ல படுத்துக்கயேன்."