வாரம் ஒரு நூல்

"அவருக்குத் தெரியாம அந்த ஸ்பிரிங்கைத் தளர்த்தணும் பாய். ஒரேயடியா வேண்டாம். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் அந்தோணியம்மாள்.

மெஹபூப் அலி கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். ராயப்பேட்டையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கொட்டகை அவருடையது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலையை யாரும் கேட்டதில்லை.

"இன்னாமா சொல்றீங்க? பின்னாடி ஸ்பிரிங்குன்னா, ஓட்டறவரு கனத்துக்குத் தக்கன நட்டைத் திருகி வைக்கணும். சாருக்கு நூத்தைம்பது ராத்தலுக்கு நான்தான் வச்சுக் குடுத்தேன். இப்ப எளைச்சுட்டாருன்னா ஒரே தபா தளர்த்திடலாம். இதுல ஒளிவு மறைவு இன்னாத்துக்கு?"

அவள் சொன்னாள்.

அவள் கணவர் வேதநாயகம், மாம்பலத்தில் புது மனைகளை அளக்கிற சர்வேயர். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது அந்த வண்டி. பின் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த வண்டி மதராஸில் அபூர்வம். அதன்மேல் அவருக்கு உயிர். பிறகு இருமல் வந்தது, இருமலில் ரத்தம் வந்தது, பத்து மாதம் சானடோரியத்தில் கிடந்தார். போன வாரம்தான் வீடு திரும்பினார், நூற்றுப் பதினைந்து ராத்தலாக.

"எடை ஏறினா நோய் விட்டுதுன்னு அர்த்தம். இறங்கினா மறுபடியும் இங்கேதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர். மூன்று மாதம் கழித்து நிறுத்துப் பார்க்க வரவேண்டும்.

வந்த அன்றே, சாந்தோம் வீட்டு வாசலில், வேதநாயகம் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். முன்பெல்லாம் அவர் உட்கார்ந்ததும் பின்பக்கம் பணிந்து கொடுக்கும். அன்றைக்கு அசையவே இல்லை. இறங்கி, அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்.

"இரும்புக்கே தெரிஞ்சுபோச்சு அந்தோணி. நான் இனிமே ஒரு ஆளில்லை" என்றார். அதற்கப்புறம் அவள் கெஞ்சிக் கொடுக்கிற பாலும் முட்டையும் தவிர எதையும் தொடுவதில்லை.

"நான் சொன்னா நம்ப மாட்டார் பாய். வண்டி சொன்னா நம்புவார். வாரம் ஒருநாள் வெளியே போய் வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். எண்ணெய் போடணும்னு சனிக்கிழமை இங்கே அனுப்பறேன். நீங்க அளந்து, அவர் கனத்துக்கு வண்டி இறங்கியிருக்குன்னு காட்டணும்."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"ஆமா. பாவம் என் தலையிலே. ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இனிமே என்கிட்டகூட இதைப் பத்திப் பேச வேண்டாம்."

மெஹபூப் அலி எண்ணெய்த் துணியை மறுபடி கையில் எடுத்தார். "சரிம்மா. அனுப்புங்க."

சனிக்கிழமை வேண்டா வெறுப்பாகப் போன வேதநாயகம், திரும்பி வந்தபோது வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார்.

"பாய் ஸ்கேல் வச்சு அளந்தார் அந்தோணி. ஒரு நூல் இறங்கியிருக்கு. நூலுன்னா தெரியுமா? அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. வெறும் பாலுக்கே இப்படின்னா, சோறு தின்னா என்ன ஆகும்? வீட்ல மீன் இருக்கா?"

அந்தோணியம்மாள் அடுக்களைக்குள் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமும் ஒரு நூல். அதற்கடுத்த வாரமும். வஞ்சிரக் குழம்பில் சோற்றைப் பிசைந்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காலையில் கடற்கரை வரை நடந்தார். போர்வை மடித்துப் பெட்டிக்குள் போயிற்று. அவர் கன்னம் பூசினாற்போல் அவளுக்கும் தெரியத்தான் செய்தது. ஆனால் அந்தக் கண்ணை அவள் நம்பவில்லை. பொய்யை ஏற்பாடு செய்தவளே அதில் மயங்குவதா? ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழந்தாளிட்டால் ஜெபம் பாதியில் நின்றுபோயிற்று.

மூன்று மாதம் ஓடிவிட்டது.

"நாளைக்கு நிறுக்கறாங்க. தராசு முள்ளைப் பார்த்து டாக்டர் அசந்துபோகப் போறார்" என்று வேதநாயகம் மீசையைத் தடவிக்கொண்டு மத்தியானத் தூக்கத்துக்குச் சாய்ந்தார்.

அவர் கண்ணயர்ந்ததும் அந்தோணியம்மாள் கிளம்பினாள். ரிக்ஷா பிடித்து நேரே ராயப்பேட்டைக்குப் போனாள்.

"பாய், சாயங்காலம் வண்டியை அனுப்பறேன். பழையபடி இறுக்கிடுங்க. முழுசா வேண்டாம், பாதியாவது."

"இன்னாமா ஆச்சு?"

"நாளைக்கு ஆஸ்பத்திரித் தராசு. அது நம்ம பேச்சைக் கேக்காது. அத்தனை பேர் நடுவுல மொத்தமா உடைஞ்சுபோறதைவிட, இன்னிக்கே கொஞ்சம் தெரிஞ்சுக்கட்டும். சிறுகச் சிறுகன்னா தாங்குவார். நான் செஞ்ச தப்பு பாய். என்னாலதான் இவ்வளவு ஆசைப்பட்டுட்டார்."

மெஹபூப் அலி அவளையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "அது முடியாதும்மா."

"ஏன்? நட்டு தேஞ்சுபோச்சா?"

"நீங்க பேசக் கூடாதுன்னுட்டீங்க. அதான் வாயைக் கட்டிக்கினு இருந்தேன். மொத சனிக்கிழமை ஸ்பேனரை எடுத்துக்கினுதான் போனேன். தளர்த்தறதுக்கு முன்னாடி ஒரு தபா சாரை ஏறிக் குந்தச் சொல்லி அளந்து பார்த்தேன்."

"பார்த்து?"

"நான் கை வைக்காமலே ஒரு நூல் எறங்கிக்கீது. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் அந்த நட்டை நான் தொடவே இல்லம்மா. எறங்கின அத்தினியும் சாரோட சொந்தக் கனம்."